மதுவில்லாத டிராமிசு உருண்டைகள்



சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்தில், என் மகள் பணிபுரியும் அலுவலகத்தில் பண்டிகைப் பரிசாக ஓர் அழகிய பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தால், கோகோ தூளில் புரட்டிய 12 உருண்டைகள் வரிசையாக இருந்தன. டிராமிசு டிரஃபிள் என்று அதற்குப் பெயராம். இரவு உணவு முடிந்து குடும்ப ஜெபத்திற்கு அமருமுன் ஆளுக்கொன்று எடுத்தோம். எங்களோடு வசிக்கும் என் கணவரின் தம்பியும் ஒன்றை எடுத்து வாயிலிட்டார். அடுத்த கணமே எழுந்து, கைகழுவும் தொட்டிக்குப் போய் உமிழ்ந்துவிட்டு, மூன்று நான்கு முறை வாய் கொப்பளித்தார்.

“மதினி, இதில் ரம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்காதிருங்கள்” என்றார்.

கண்ணாடியை அணிந்துகொண்டு பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அது அச்சிடப்பட்டிருந்தது. மறைக்கவில்லை, ஆனால் ஒருவர் கண்ணிலும் படும்படி போடவுமில்லை.

அவர் குடியிலிருந்து விடுதலை பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளையும் அவர் எவ்வளவு விழிப்போடு காத்து வந்தார் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரியும். உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போனாலும், பந்தி முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறிவிடுவார். இருமல் மருந்து வாங்கினாலும் சீட்டைப் படித்துப் பார்த்தே வாங்குவார். அப்படிப்பட்டவர், சொந்த வீட்டில், சொந்த மேசையில், அண்ணன் மகள் நீட்டிய இனிப்பில் அதைச் சந்தித்தார். அன்றிரவு வெகுநேரம் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து சென்று காபி போட்டுக் கொடுத்தேன். இருவரும் அதிகம் பேசவில்லை.

என் மகள் மிகவும் மனம் நொந்தாள். “இதே இனிப்பை மது இல்லாமல் நானே செய்து சித்தப்பாவுக்குக் கொடுப்பேன்” என்றாள். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, உடன் பணிபுரியும் ஒருவர், “மது இல்லாவிட்டால் அது டிராமிசுவே அல்ல” என்று சிரித்தாராம். அவள் வாடிய முகத்தோடு வந்து அதை என்னிடம் கூறினாள். அந்தச் சொல் உண்மைதானா என்று விசாரிக்கப் புறப்பட்டதில்தான் இம்மாதப் பகுதி உருவாயிற்று.

டிராமிசு என்பது இத்தாலியச் சொல். ‘என்னைத் தூக்கிவிடு’, அதாவது சோர்ந்திருப்பவனுக்குத் தெம்பு கொடு என்று பொருள்படும். முட்டை மஞ்சட்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, அதில் மஸ்கார்போனே என்னும் மென்மையான பாலேட்டுக் கட்டியைக் கலந்து, காபியில் தோய்த்த பிஸ்கட் அடுக்குகளின் மேல் பரப்பி, கோகோ தூளைத் தூவிக் குளிரவைப்பார்கள். பழங்காலப் பதார்த்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வெனிஸ் நகருக்கு வடக்கேயுள்ள டிரெவிசோ நகரில், லெ பெக்கெரியே என்ற உணவகத்தில் 1970களின் தொடக்கத்தில்தான் அது இப்பெயரோடு புகழ்பெற்றது. அவ்வுணவகத்தை நடத்திய கம்பியோல் குடும்பத்தின் மருமகள் ஆல்பாவும், இனிப்புச் சமையற்காரர் ராபர்ட்டோ லிங்குவானோட்டோவும் அதை உருவாக்கினார்கள் என்பது டிரெவிசோவின் கூற்று. லிங்குவானோட்டோ 2024-ஆம் ஆண்டில் காலமானார். பக்கத்து ஃபிரியுலி பகுதியினரோ, எங்கள் ஊரில் 1950களிலேயே இது இருந்தது என்று வாதாடி, 2017-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் தங்கள் பகுதியின் பெயரால் இதைச் சேர்க்கச் செய்துவிட்டார்கள். திருநெல்வேலி அல்வாவுக்கு யார் உரிமையாளர் என்று நம்மூரில் பேசிக்கொள்வதைப்போல, அந்த வழக்கு அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. 2010-ஆம் ஆண்டில் இத்தாலிய சமையல் கலைக்கழகம், டிரெவிசோ உணவகத்தின் செய்முறையை முறைப்படி பத்திரமாக எழுதிப் பதிவு செய்தது. 12 முட்டை மஞ்சட்கரு, அரைக் கிலோ சர்க்கரை, ஒரு கிலோ மஸ்கார்போனே, 60 பிஸ்கட்டுகள், காபி, கோகோ தூள், இவ்வளவே. மது அதில் ஒரு துளியும் இல்லை. சிறுவரும் முதியோரும் உண்ணவேண்டிய பண்டம் என்பதால் சேர்க்கவில்லை என்று அக்குடும்பத்தார் கூறியிருக்கிறார்கள். டிரெவிசோ வட்டாரத்தில், மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் அடித்துப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் நோயுற்றவருக்கும் கொடுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துருண்டை கொடுப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கத்திலிருந்து வளர்ந்த இனிப்பு இது. சிசிலித் தீவின் மார்சாலா மதுவும், ரம்மும், காபி மணமுள்ள மதுவகைகளும் பிற சமையற்காரர்கள் சேர்த்துக்கொண்டவை.

இதை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அதை அப்படியே கைப்பேசியில் தட்டச்சு செய்து, சிரித்த அந்த நண்பருக்கு அனுப்பிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்லவேண்டும். ‘சமையலில் சேர்த்த மது சூட்டில் ஆவியாகிவிடும், ஆகவே பரவாயில்லை’ என்று நம்மில் அநேகர் சொல்லக் கேட்கிறோம். அது பாதி உண்மையே. ஒரு மணி நேரம் வேகவைத்த பதார்த்தத்திலும், ஊற்றிய மதுச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு எஞ்சி நிற்கும். அடுப்பிலேயே ஏற்றாமல் குளிரவைத்துச் செய்யும் டிராமிசு, டிரஃபிள் போன்றவற்றிலோ அதன் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும். கடையில் வாங்கும்போது ரம், பிராந்தி, மார்சாலா, லிக்கர், அமரெட்டோ, கலுவா ஆகிய சொற்களைத் தேடிப் படியுங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரம் எசென்ஸ் சேர்க்கலாமே என்று ஒரு சகோதரி யோசனை கூறினார். நான் என் கொழுந்தனாரிடமே கேட்டேன். “வாசனைதான் மதினி முதலில் கூப்பிடும்” என்றார். ஆகவே எசென்ஸும் எங்கள் சமையலறைக்குள் வரவில்லை.

இனி செய்முறைக்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் ஓவன் கிடையாது. இதற்கு அது தேவையுமில்லை. சாக்லேட்டிலுள்ள கோகோ வெண்ணெய் குளிரில் இறுகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. அதுவே இதன் சூட்சுமம். முட்டையையும் நான் விட்டுவிட்டேன். பச்சை முட்டையில் சால்மனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். நம் நகரங்களின் வெப்பத்தில், கூட்டத்திற்குப் பரிமாறும் பண்டத்தில் அந்தத் துணிவு ஆகாது.

முதலில் மஸ்கார்போனே. பெரிய கடைகளில் கிடைக்கிறது. விலையைப் பார்த்தால் கை பின்வாங்கும். வீட்டிலேயே செய்யலாம். 25 சதவீதக் கொழுப்புள்ள 200 மில்லி ஃபிரெஷ் கிரீம் பெட்டிகள் இரண்டை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். விளிம்பில் சிறு குமிழிகள் தோன்றும்போது, கொதி வருமுன், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். பால் திரிவதுபோலத் திரியாது. கொழுப்பு மிகுந்திருப்பதால் கெட்டிப்படும். சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் கரண்டியின் முதுகில் படியும். ஆறவைத்து, நான்காக மடித்த மெல்லிய துணியில் ஊற்றி, வடிகட்டியின் மேல் வைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வடியவிடுங்கள். காலையில் ஏறத்தாழ 200 கிராம் கிடைக்கும். இதற்குப் பதிலாகக் கட்டித் தயிரை வடிகட்டிச் செய்யலாம் என்பார்கள். செய்து பார்த்தேன்; புளிப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. பனீர் மணல்போல நாக்கில் உறுத்தும்.

அடுத்தது காபி. இத்தாலியர் எஸ்பிரெசோ என்று அருந்தும் செறிந்த காபிக்கு, நம் பித்தளை ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்ஷன் எவ்விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் சிக்கரி கலவாத தூளாக வாங்குங்கள். எனக்குக் காலைக் காபியில் சிக்கரி இல்லாவிட்டால் பொழுது விடியாது. இருந்தாலும் இந்த இனிப்பில் அதன் கசப்பு சாக்லேட்டின் கசப்போடு மோதுகிறது. டிகாக்ஷன் இரண்டு மேசைக்கரண்டி போதும். தார்போலக் கறுத்து இருக்கவேண்டும். டிகாக்ஷன் இறக்க நேரமில்லாதவர்கள், இரண்டு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூளை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம்.

பிஸ்கட்டுக்கு, அவர்கள் சவோயார்டி என்னும் இலேசான, உலர்ந்த, விரல்போன்ற பிஸ்கட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வேலை காபியை உறிஞ்சுவது. அந்த வேலைக்கு நம் பேக்கரி ரஸ்க்கைவிடப் பொருத்தமானது எனக்குத் தென்படவில்லை. ஏலக்காய் சேராத ரஸ்க்கைத் தேடி 100 கிராம் வாங்கி, மாவாக்கிவிடாமல் ரவைபோலப் பொடித்துக்கொள்ளுங்கள். மாரி பிஸ்கட்டும் ஆகும். அதில் இனிப்பு சற்றுக் கூடும்.

சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இரண்டு முறை தோற்றது அதில்தான்.

முதல் முறை, மலிவாயிருக்கிறதே என்று சந்தையில் பாளம்பாளமாக விற்கும் காம்பவுண்ட் வகையை வாங்கினேன். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். வெயிலில் எளிதில் உருகாது என்பதால் பேக்கரிக்காரர்களுக்கு அது வசதி. உருண்டையும் அழகாக வந்தது. ஆனால் உண்டபின் மேலண்ணத்தில் மெழுகு தடவியதுபோல ஒரு படலம் நின்றது. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடற்சூடு 37. வாயில் வைத்தவுடன் கரைந்துபோகும் இன்பத்திற்கு அந்தச் சிறு வேறுபாடே காரணம். ஆகவே உறையின் பின்புறத்தில் கோகோ வெண்ணெய் என்று எழுதியிருக்கிறதா, 50 சதவீதத்திற்கு மேற்பட்ட கோகோ இருக்கிறதா என்று பார்த்து 150 கிராம் வாங்குங்கள்.

இரண்டாம் முறை நல்ல சாக்லேட்டே வாங்கினேன். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. தூசி விழக்கூடாதென்று தட்டால் மூடிவிட்டுப் போனேன். தட்டின் அடியில் வியர்த்த நீர் துளித்துளியாக உள்ளே விழுந்திருக்கிறது. திரும்பி வந்து கிளறினால், பளபளவென்றிருந்த குழம்பு நொடியில் கரகரத்து, ஈரமண்போல இறுகிற்று. சர்க்கரை டப்பாவில் ஈரக்கரண்டியைப் போட்டால் கட்டி தட்டுவதை நாம் அறிவோம். இதுவும் அதுவே. உருகிய சாக்லேட்டில் சர்க்கரையும் கோகோவும் கொழுப்புக்குள் உலர்ந்த துகள்களாக மிதக்கின்றன. சில துளி நீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதில் விசித்திரம் என்னவென்றால், சில துளிகள் இறுக்கும். பல கரண்டிகள் இளக்கிவிடும். இறுகிய சாக்லேட்டில் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால் மீண்டும் குழம்பாகும். அன்று அப்படிச் செய்து பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். வீணாகவில்லை.

இந்தத் தோல்வியிலிருந்துதான் சரியான வரிசை தெரியவந்தது. காபியைச் சாக்லேட்டில் ஊற்றவே கூடாது. ரஸ்க் தூளில் ஊற்றுங்கள். அது ஈரம் முழுவதையும் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

ஆகவே ரஸ்க் தூளில் டிகாக்ஷனைத் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் வையுங்கள். மஸ்கார்போனேயில் 150 கிராம் எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின், இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், மது தரும் அந்தச் சுருக்கென்ற ருசியின் வேலையில் பாதியை உப்பு செய்துவிடுகிறது. மறுபாதிக்கு ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடலாம் என்று சொல்லுகிறார்கள். போட்டேன், நன்றாகவே இருந்தது, ஆனால் காபியின் மணம் பின்னுக்குப் போய்விட்டது. ஆகவே எங்கள் வீட்டில் போடுவதில்லை.

சாக்லேட்டை நறுக்கி, உலர்ந்த கிண்ணத்திலிட்டு, கிண்ணத்தின் அடி நீரைத் தொடாதபடி வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு அந்த ஆவியிலேயே உருக்குங்கள். மூடாதீர்கள். இறக்கியதும் அடியைத் துடையுங்கள். விரலால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது மஸ்கார்போனேயில் மூன்று தவணையாகக் கலக்குங்கள். மஸ்கார்போனே சில்லென்றிருந்தால் சாக்லேட் திட்டுத் திட்டாக உறைந்துவிடும். கடைசியாக ரஸ்க் தூளைச் சேர்த்துப் பிசைந்து, மூடி, இரண்டு மணி நேரம் குளிரவையுங்கள்.

உருட்டும்போது உள்ளங்கையின் சூட்டில் இளகும். கைகளைக் குளிர்ந்த நீரில் நனைத்து, நன்றாக உலரத் துடைத்து, கோகோ தூளைத் தடவிக்கொண்டு, ஐந்தாறு உருண்டைகளுக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். நெல்லிக்காய் அளவில் ஏறத்தாழ 25 உருண்டைகள் வரும். அவை முற்றும் உருண்டையாக இருக்கத் தேவையில்லை. டிரஃபிள் என்பதே ஐரோப்பாவில் மண்ணுக்கடியில் விளையும், கரடுமுரடான ஒருவகைக் காளானின் பெயர். அதன்மேல் ஒட்டியிருக்கும் மண்ணைப்போலத் தோன்றுவதே இந்தக் கோகோ தூள்.

மூடிய டப்பாவில் மூன்று நாட்கள் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் வேண்டாம், உள்ளே இருப்பது ஈரமுள்ள பாற்பொருள். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரத்திற்குள், கோடையில் ஒரு மணி நேரத்திற்குள், உண்டு தீர்த்துவிடுங்கள். காபி சேர்ந்திருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு இரவில் ஒன்றுக்குமேல் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி நான்கு தின்றுவிட்டு நள்ளிரவில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்புவித்தான்.

மூன்றாம் முறை சரியாக வந்த அன்று, என் மகள் தட்டை நேரே சித்தப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் எடுக்கவில்லை. ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, வெகுநேரம் முகர்ந்தார். நாங்கள் யாரும் பேசவில்லை. பிறகு பாதியைக் கடித்தார். மென்றார். மீதிப் பாதியையும் வாயிலிட்டார். “டிகாக்ஷன் இன்னும் கொஞ்சம் திக்காக இறங்கியிருக்கலாம், மதினி” என்றார். அவர் சொன்னபடி, அதன்பின் ஃபில்டரில் ஒரு கரண்டி தூள் கூட்டிப் போடுகிறேன்.

இவ்வாண்டு சபையின் ஐக்கிய விருந்துக்கு 100 உருண்டைகள் செய்தோம். கல்யாணிலிருந்து சயன்வரை மின்ரயிலில் ஒரு மணி நேரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்குகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் பனிக்கட்டியை நிரப்பி, மேல் இரு தட்டுகளில் உருண்டைகளை அடுக்கி, துவாலையால் சுற்றினோம். கோகோ தூளை முன்கூட்டியே தூவினால் ஈரம் இழுத்துக் கறுத்துப்போகும் என்று அறிந்து, அதைத் தனியே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டோம். அங்கே போனபின், பரிமாறும் மேசையருகே தேநீர் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு தூள் தூவும் வேலையை என் கொழுந்தனார் ஏற்றுக்கொண்டார். வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்காமலே, “ரஸ்க்கும் காபியும் சாக்லேட்டும்தான், வேறொன்றும் இல்லை, தைரியமாக எடுங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.